கட்டளைவரி அளவுருப் பகுப்பு

கட்டளைவரி அளவுருப் பகுப்பு என்பது, முனையத்தில் ஒரு நிரலை இயக்கும்போது அதன் பெயருக்குப் பின்னால் பயனர் தட்டெழுதும் சொற்களைப் பிரித்து, அவை ஒவ்வொன்றும் எதைக் குறிக்கின்றது என்று அந்நிரல் தீர்மானிக்கும் செயல்முறை ஆகும். இச்சொற்கள் அளவுருக்கள் எனப்படுகின்றன. ஆர்க்யூமென்ட் என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் நிரலாளரிடையே பெருவழக்காக உள்ளது. பயனரிடம் வினவி விடை பெறும் ஊடாடு கருவிகளில் இப்பகுப்பு இருமுறை நிகழ்கின்றது: நிரல் தொடங்கும்போது ஒருமுறையும், பின்னர் நிரலின் தூண்டியில் பயனர் இடும் ஒவ்வொரு வரிக்கும் மறுமுறையும்.

இப்பகுப்பிற்கான வழக்கங்கள் ஆங்கில எழுத்துகளை முன்னிட்டு உருவானவை. ஓர் எழுத்து என்பது கணினியில் ஓர் இடத்தைப் பிடிக்கும் என்பது அவற்றின் அடிப்படை. தமிழில் அவ்வாறு இல்லை. ஆகவே தமிழில் கட்டளை ஏற்கும் கருவியை எழுதுவோர் இவ்வழக்கங்கள் எங்கே பொருந்தும், எங்கே முறியும் என்று அறிந்திருத்தல் வேண்டும்.

கட்டளைவரியின் உறுப்புகள்

இக்கட்டுரையில் விளக்கத்திற்காக 'புள்ளி' என்னும் கற்பனைக் கருவி ஒன்று எடுத்துக்கொள்ளப்படுகின்றது. செட்டிநாட்டு நகரத்தார் வழக்கில் புள்ளி என்பது திருமணத்தால் அமையும் குடும்ப அலகைக் குறிக்கும். கோயில் வரியும் ஊர்ப் பொதுச் செலவும் புள்ளிக் கணக்கிலேயே பிரிக்கப்பட்டு வந்துள்ளன. அத்தகைய பட்டியல் ஒன்றை உரைக் கோப்பில் வைத்துப் பேணும் கருவியாக இதனைக் கொள்ளலாம்.

புள்ளி தேடு --ஊர் காரைக்குடி --கோயில் நேமம் பட்டியல்.உரை

இவ்வரியில் முதற்சொல் நிரலின் பெயர். 'தேடு' என்பது துணைக்கட்டளை. '--ஊர்', '--கோயில்' என்பன தெரிவுகள். அவற்றை அடுத்துவரும் சொற்கள் அத்தெரிவுகளின் மதிப்புகள். இறுதியில் உள்ள கோப்புப் பெயர் இடஞ்சார் அளவுரு ஆகும். அதாவது, எந்தப் பெயரும் ஒட்டாமல், வரியில் தான் நிற்கும் இடத்தாலேயே பொருள் பெறுகின்றது. மதிப்பு எதுவும் வேண்டாத தெரிவு கொடி எனப்படும். '--சுருக்கம்' என்று மட்டும் எழுதினால் சுருக்கமான வெளியீடு வரும் என்பது போன்றது அது.

இடத்தால் பொருள் பெறுவதும் பெயரால் பொருள் பெறுவதும் வேறு துறைகளிலும் உண்டு. நகரத்தார் பெயர்களுக்கு முன்னால் வரும் விலாசம் இடஞ்சார் அமைப்பிற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் உள்ள ஒவ்வொரு தலைப்பெழுத்தும் ஒரு முன்னோரைக் குறிக்கும். எது தந்தை, எது பாட்டனார் என்பதை வரிசையே சொல்லும். வரிசை மாறினால் குடும்பமே மாறிவிடும். ஆதலால் இரண்டு அல்லது மூன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை இடஞ்சார் அளவுருக்களாக வாங்குவது கருவிக்கு நல்லதன்று. பயனர் வரிசையை மறப்பார். மறந்ததைக் கருவியால் கண்டுபிடிக்கவும் இயலாது.

வினைச்சொல் முதலில் வருவது தமிழ்த் தொடரமைப்பிற்கு மாறானது. 'காரைக்குடியில் நேமம் கோயிலாரைத் தேடு' என்பதே இயல்பு. ஆனால் வரியின் முதற்சொல்லையே நிரற்பெயராகக் கொள்வது ஷெல்லின் விதி. அதை மாற்ற நிரலாளரால் இயலாது. தன் மொழிக்குள் உரிமை உள்ளபோது நிலைமை வேறு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முதலிலும் 'ஆனால்' என்னும் சிறப்புச்சொல் அதன் பின்னரும் வரும்படி இலக்கணம் வகுக்கப்பட்டுள்ளது.

வரலாறு

யுனிக்ஸ் இயக்குதளத்தில் ஷெல் பயனரின் வரியைச் சொற்களாக வெட்டி, அவற்றின் எண்ணிக்கையையும் பட்டியலையும் நிரலுக்குக் கொடுக்கும். சி மொழியில் இவ்விரண்டும் ஆர்க்சி, ஆர்க்வி என்று பெயர்பெற்றன. 1978 இல் வெளிவந்த கெர்னிகன், ரிச்சி ஆகியோரின் சி மொழி நூல் இவற்றைக் கொண்டு தெரிவுகளைப் பகுக்கும் முறையைக் கற்பித்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு நிரலும் தானே இப்பகுப்பைச் செய்தது. அதனால் ஒரு கட்டளையின் வழக்கம் மற்றொன்றில் செல்லாது. இதனைச் சீர்செய்ய ஏடி&டி நிறுவனம் கெட்ஆப்ட் என்னும் செயற்கூற்றை எழுதி, 1985 இல் டல்லாசில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் அதன் மூலநிரலைப் பொதுவுடைமையாக்கியது. பின்னர் போசிக்ஸ் தரநிலை இவ்வழக்கங்களை விதிகளாக எழுதியது. ஒற்றைச் சிறுகோட்டுடன் ஓரெழுத்துத் தெரிவு, மதிப்பு வேண்டாத தெரிவுகளை ஒன்றாகச் சேர்த்தெழுதல், இரட்டைச் சிறுகோடு மட்டும் தனித்து நின்றால் அதன்பின் தெரிவுகள் இல்லை எனக் கொள்ளல் ஆகியன அவற்றுள் அடங்கும். '--' தொடங்கும் நெடும்பெயர்த் தெரிவுகளைப் பரவலாக்கியது குனூ திட்டம்.

பைத்தான் மொழியில் கெட்ஆப்ட்டை அடுத்து 2003 இல் ஆப்ட்பார்ஸ் சேர்க்கப்பட்டது. ஸ்டீவன் பெத்தார்டு எழுதிய ஆர்க்பார்ஸ் 2010 இல் பைத்தான் 2.7 பதிப்புடன் தரநூலகத்தில் இடம்பெற்றது. துணைக்கட்டளைகள், உதவிக்குறிப்பைத் தானே உருவாக்கல் முதலியன இதில் உண்டு. 2014 இல் வெளியான கிளிக் நூலகமும் பரவலாகப் பயன்படுகின்றது. தமிழ்க் கணிமையில் பைத்தானின் பங்கு பெரிது என்பதால் கீழுள்ள விளக்கங்கள் பெரும்பாலும் அதனையே சார்ந்துள்ளன.

ஷெல் செய்வதும் நிரல் செய்வதும்

புதிதாகக் கருவி எழுதுவோர் முதலில் தடுமாறும் இடம் இது. நிரல் கையில் வாங்குவது பயனர் தட்டிய வரி அன்று. ஷெல் வெட்டிக் கொடுத்த துண்டுகளே. மேற்கோள் குறிகள் நிரலை வந்தடைவதில்லை. உடுக்குறியும் பெரும்பாலும் வந்தடைவதில்லை. ஷெல் அதனைப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக முன்னரே விரித்துவிடும்.

காரைக்குடிக்கு அருகில் தேவகோட்டை ரஸ்தா என்று ஓர் ஊர் உண்டு. தேவகோட்டை என்பது வேறு ஊர். பயனர் ஒருவர் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்:

புள்ளி நீக்கு --ஊர் தேவகோட்டை ரஸ்தா

ஷெல் இடைவெளியில் வெட்டுவதால் '--ஊர்' தெரிவின் மதிப்பு 'தேவகோட்டை' ஆகின்றது. 'ரஸ்தா' தனியோர் அளவுருவாக நிற்கின்றது. உபரி அளவுருவைப் பொருட்படுத்தாத கருவி, கேட்கப்படாத ஊரின் பதிவுகளை எல்லாம் நீக்கிவிடும். ஆர்க்பார்ஸ் இத்தகைய உபரியைக் கண்டால் பிழை கூறி நின்றுவிடுகின்றது. முடிவுக் குறியாக 2 என்னும் எண்ணைத் திருப்புகின்றது. இக்கண்டிப்பைத் தளர்த்தும் வசதியும் அதில் உள்ளது. அழிக்கும் செயலுள்ள கருவியில் அதைப் பயன்படுத்தாதிருப்பதே நன்று. சரியான வடிவம் இது:

புள்ளி நீக்கு --ஊர் "தேவகோட்டை ரஸ்தா"

விண்டோசில் இவ்வேலைப் பங்கீடு வேறுபடுகின்றது. அங்கு நிரலுக்கு முழுவரியும் ஒரே சரமாகச் சென்று சேர்கின்றது. வெட்டுவது நிரலுடன் இணைந்த நூலகத்தின் வேலை. உடுக்குறியையும் நிரலே விரித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்தும் ஓரெழுத்துத் தெரிவும்

தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என எழுத்துகள் 247. ஒருங்குறியில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் 2944 முதல் 3071 வரை 128 மட்டுமே. உயிர்மெய் எழுத்துகளுள் அகரம் ஏறியவை தவிர மற்றவை மெய்யடியும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியெண்களால் ஆனவை; புள்ளிவைத்த மெய்யும் அவ்வாறே. 'காரைக்குடி' என்பது எழுதுவோருக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறியில் அது பத்துக் குறியெண். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் முப்பது பைட்டு.

சி மொழியின் கெட்ஆப்ட் ஒரு பைட்டை ஓர் எழுத்தாகக் கருதுகின்றது. '-க' என்று கொடுத்தால் அது மூன்று தெரிவுகளைக் காண்கின்றது. யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறியெண்கள் அனைத்தின் முதற்பைட்டும் 224 என்னும் ஒரே எண். இரண்டாவது பைட்டு 174 அல்லது 175. எனவே '-க', '-ச' ஆகியவற்றின் முதல் இரு பைட்டுகள் ஒன்றே. இவற்றை வேறுபடுத்திக் காட்ட இக்கூற்றால் இயலாது. போசிக்ஸ் விதியும் ஓரெழுத்துத் தெரிவுகளை அடிப்படை எழுத்து, எண்களுக்குள்ளேயே நிறுத்துகின்றது. நெடும்பெயர்த் தெரிவுகளுக்கு இத்தடை இல்லை; அங்கு முழுச்சரமும் ஒப்பிடப்படுவதால் '--ஊர்' சிக்கலின்றி இயங்கும்.

பைத்தான் பைட்டுகளுக்குப் பதிலாகக் குறியெண்களை எண்ணுகின்றது. இது ஒரு படி மேல், ஆனாலும் போதாது. '-ஊ' என்னும் தெரிவு இங்கே சரியாக இயங்கும், ஏனெனில் ஊகாரம் ஒரே குறியெண். கணக்கு என்பதற்கு '-க' என்ற தெரிவை மதிப்புடன் வரையறுத்திருக்க, பயனர் கோயிலை நினைத்து '-கோ' என்று தட்டினால், ஆர்க்பார்ஸ் அதனை '-க' என்னும் தெரிவாகவும், 'ோ' என்னும் தனித்த உயிர்க்குறியை அதன் மதிப்பாகவும் கொள்கின்றது. பிழைச்செய்தி எதுவும் வராது. பட்டியலில் ஓர் அனாதைக் கொம்பும் காலும் குடியேறும்.

நெடும்பெயர்களைச் சுருக்கி எழுதும் வசதியிலும் இவ்விடர் உண்டு. ஆர்க்பார்ஸ் ஒரு தெரிவின் முற்பகுதியை மட்டும் கொடுத்தாலும் முழுப்பெயரைக் கண்டுகொள்ளும். 'கோயில்' என்னும் சொல் குறியெண் அளவில் 'க'வில் தொடங்குவதால் '--க' என்பதும் '--கோயில்' என ஏற்கப்படும். தமிழ் படித்தவர் எவரும் கோவின் தொடக்கம் க என்று சொல்லார். 2015 இல் வந்த பைத்தான் 3.5 பதிப்பிலிருந்து இச்சுருக்க ஏற்பை நிறுத்தி வைக்க இயலும். தமிழ்த் தெரிவுகள் உள்ள கருவியில் அதை நிறுத்துவதே முறை.

தலைப்பெழுத்துகளைக் கையாளும்போது இச்சிக்கல் மனிதர் பெயர்களைத் தொடுகின்றது. நெற்குப்பையைச் சேர்ந்த எழுத்தாளர் சோம.லெ. அவர்களின் பெயரில் 'சோம' என்பது இரண்டு எழுத்து, மூன்று குறியெண். 'லெ' என்பது ஓர் எழுத்து, இரண்டு குறியெண். ஒவ்வொரு தலைப்பெழுத்தும் ஒரு குறியெண் என்று கருதி வெட்டும் நிரல் இப்பெயரை 'ச.ல.' ஆக்கிவிடும். காரைக்குடியில் பிறந்த திரைப்படத் தயாரிப்பாளர் மெய்யப்பனின் தலைப்பெழுத்தான 'ஏவி.' ஆவிச்சி என்னும் ஒரே பெயரைக் குறிப்பது, அதனால்தான் 'ஏ.வி.' என்று இடையில் புள்ளியிடாமல் 'ஏவி.எம்.' என எழுதப்படுகின்றது. விலாசத்தைப் புள்ளி கண்ட இடத்தில் மட்டும் பிரிக்க வேண்டும். எழுத்தை எண்ணிப் பிரிப்பதற்கு இங்கு எந்த விதியும் உதவாது.

எழுத்தளவில் பிரிக்க வேண்டிய பிற இடங்களில் ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நூலகம் பயன்படும். ஒரு சரத்தைக் குறியெண்களாக அன்றித் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு இதில் உள்ளது. எழில் மொழியை உருவாக்கியவரும் பிற தன்னார்வலரும் இதனை வளர்த்தனர்.

ஒரே சொல், இரண்டு வடிவம்

ஓகார உயிர்க்குறியை ஒருங்குறியில் இரண்டு வகையாக எழுதலாம். 3019 என்னும் ஒரே குறியெண்ணாக எழுதுவது ஒன்று. இரட்டைக்கொம்பு 3015, கால் 3006 என இரண்டாக எழுதுவது மற்றொன்று. திரையில் இவை ஒன்றுபோலவே தோன்றும். ஒருங்குறித் தரநிலையும் இவற்றை நிகரானவை என்கின்றது. ஆனால் சரங்களை ஒப்பிடும் நிரலுக்கு இவை வெவ்வேறு. பயனரின் தட்டச்சு மென்பொருள் இரண்டாம் வகையில் எழுதினால், கண்ணெதிரே '--கோயில்' என்று இருக்கையிலேயே 'அறியப்படாத தெரிவு: --கோயில்' என்ற செய்தி வரும். பயனர் பலமுறை திரும்பத் தட்டியும் பயனில்லாது கைவிடும் பிழை இதுவே.

பகுப்பிற்கு முன் எல்லா அளவுருக்களையும் ஒருங்குறியின் சேர்ப்பு வடிவத்திற்கு மாற்றிக்கொள்வது இதற்குத் தீர்வு. பைத்தானின் தரநூலகத்தில் இதற்கான கூறு உள்ளது. இதில் ஒரு விலக்கு உண்டு: கோப்புப் பெயராக வரும் அளவுருவை மாற்றக்கூடாது. லினக்சில் கோப்புப் பெயர் என்பது பைட்டு வரிசையே. அதன் வடிவத்தை மாற்றினால் இருக்கும் கோப்பே இல்லை என்றாகிவிடும். ஆதலால் தெரிவுப் பெயர்களையும் உரை மதிப்புகளையும் மாற்றி, கோப்புப் பெயர்களை வந்தபடியே விட வேண்டும்.

நிரலின் மூலத்திலும் இதே கண்ணி உள்ளது. பைத்தான் தன் மாறிப் பெயர்களைத் தானே சேர்ப்பு வடிவத்திற்கு மாற்றுகின்றது. மேற்கோளுக்குள் உள்ள சரங்களை மாற்றுவதில்லை. நிரலாளரின் தொகுப்பி பிரிந்த வடிவில் எழுதியிருந்தால், சரமாகக் கொடுத்த தெரிவின் பெயரும் அதனைப் படிக்கும் மாறியின் பெயரும் பொருந்தாமல் போகும்.

ஔகாரத்தில் நிலைமை இன்னும் மோசம். 2964 என்னும் ஔ எழுத்தும், ஒகரத்துடன் ளகர மெய்யடியைச் சேர்த்து எழுதிய 'ஒள' என்பதும் பார்வைக்கு மயக்கம் தருபவை. இவை நிகரல்ல என்பதால் சேர்ப்பு வடிவமும் உதவாது. தெரிவுப் பெயர்களில் ஔகாரத்தைத் தவிர்ப்பது எளிய வழி.

ஒருங்குறிக்கு முந்திய திஸ்கி கோப்புகளில் கொம்பு மெய்யடிக்கு முன்னால், பார்வை வரிசையிலேயே சேமிக்கப்பட்டது. பழைய பட்டியல்களைப் படிக்கும் கருவிக்குக் குறியேற்றத்தைச் சொல்லும் தெரிவு ஒன்று தேவை. எழில் மொழியின் இயக்கியில் அத்தகைய தெரிவு உள்ளது. எதுவும் சொல்லாவிடில் யூடிஎஃப்-8 என எடுத்துக்கொள்ளும்.

மதிப்புகளைச் சரிபார்த்தல்

பகுப்பி ஒரு மதிப்பை ஏற்குமுன் அது எண்ணா, நாளா, வரையறுத்த பட்டியலில் உள்ளதா என்று பார்க்கலாம். நகரத்தாருக்குரிய கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. '--கோயில்' தெரிவிற்கு இவ்வொன்பதையே ஏற்கும் மதிப்புகளாகக் கொடுத்தால், வேறு சொல் வரும்போது ஆர்க்பார்ஸ் பட்டியலைக் காட்டி மறுத்துவிடும். வைரவன்பட்டியை வைரவன்கோயில் என்றும், இரணியூரை இரணிக்கோயில் என்றும் எழுதுவோர் உண்டு. அவர்களைப் பிழைசெய்தவராக நடத்தாமல், வழக்குப் பெயர்களை மூலப்பெயருக்கு மாற்றும் செயற்கூறு ஒன்றைப் பகுப்பிக்குக் கொடுப்பது நற்பண்பு.

முதல் மூன்று கோயில்களுக்கு மட்டும் உட்பிரிவுகள் உள்ளன. திருமணப் பொருத்தம் பார்க்கையில் அவை இன்றியமையாதவை. ஆகவே '--பிரிவு' தெரிவு இம்மூன்றுக்கும் கட்டாயம், மற்ற ஆறுக்கும் கூடாது. இவ்வாறு ஒரு தெரிவின் மதிப்பைப் பொறுத்து மற்றொன்று கட்டாயமாவதை ஆர்க்பார்சின் வரையறைகளால் சொல்ல இயலாது. பகுப்பு முடிந்தபின் நிரலாளர் தாமே சோதித்து, பகுப்பியின் பிழை வழியாகவே செய்தி தர வேண்டும். அப்போதுதான் பயன்பாட்டு வரியும் முடிவுக் குறியும் மற்றப் பிழைகளைப் போலவே அமையும்.

ஊடாடு நிலை

தேவையான அளவுரு வராதபோது கருவி இரண்டு வகையாக நடந்துகொள்ளலாம்: பிழை கூறி நிற்கலாம், அல்லது பயனரைக் கேட்கலாம். எழில் இயக்கி கோப்புப் பெயர் கொடுத்தால் அதனை இயக்கும். கொடுக்காவிடில் ஊடாடு நிலைக்குச் சென்று தூண்டியைக் காட்டும். பைத்தானின் வழக்கமும் இதுவே.

கேட்பதற்கு முன், எதிரே ஆள் இருக்கின்றாரா என்று அறிதல் வேண்டும். தரநிலை உள்ளீடு முனையத்துடன் இணைந்துள்ளதா, அல்லது குழாய் வழியாக வேறு நிரலிலிருந்து வருகின்றதா என்பதை இயக்குதளத்திடம் கேட்டறியலாம். முனையம் இல்லாதபோது கேள்வி கேட்கும் கருவி, இரவில் தானே இயங்கும்படி வைத்த பணியில் விடை வராமல் காலைவரை காத்துக் கிடக்கும். அல்லது குழாயில் வந்த பட்டியலின் முதல் வரியையே விடையாக விழுங்கிவிடும். இரண்டாவது இன்னும் தீங்கானது. எனவே ஊடாடு கருவியில் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஈடான தெரிவு ஒன்று இருத்தல் வேண்டும். 'நீக்கலாமா? ஆம்/இல்லை' என்ற கேள்விக்கு '--ஆம்' என்னும் கொடி ஈடாகும். கடவுச்சொல் மட்டும் இதற்கு விலக்கு. அளவுருக்களை அதே கணினியின் பிற பயனரும் செயற்பட்டியலில் காண இயலும் என்பதாலும், ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் பதிவாகும் என்பதாலும், அதனைக் கட்டளைவரியில் வாங்கலாகாது.

கருவியின் தூண்டிக்குள் ஷெல் இல்லை. அங்கே வரியை வெட்டும் பொறுப்பு கருவிக்கே வருகின்றது. பைத்தானின் தரநூலகத்தில் இதற்கு இரண்டு கூறுகள் உள்ளன. இரண்டும் இயல்பிருப்பில் தமிழை அறியா. ஷ்லெக்ஸ் என்னும் கூறு, சொல்லாகும் எழுத்துகள் என இலத்தீன எழுத்துகளை மட்டுமே பட்டியலிட்டுள்ளது. அதன் வகுப்பை நேரடியாகப் பயன்படுத்தினால் 'காரைக்குடி' பத்துத் துண்டுகளாகச் சிதறும். அதே கூற்றின் வெட்டும் செயற்கூறு இடைவெளியை மட்டுமே எல்லையாகக் கொள்வதால் மேற்கோளையும் மதித்து ஊர்ப்பெயரையும் முழுதாகத் தரும். இரண்டாவது, சிஎம்டி என்னும் கூறு. தூண்டியில் 'தேடு' என்று தட்டினால், பெயரில் வரத்தக்க எழுத்துகளின் பட்டியலில் தகரம் இல்லாததால் கட்டளையே வரவில்லை என்று எண்ணி, இயல்பிருப்புச் செயற்கூற்றிற்கு அனுப்பிவிடும். அப்பட்டியலில் தமிழ்க் குறியெண்களையும் சேர்த்தால் குறை தீரும். சேர்க்கும்போது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் மறக்கலாகாது. சுருங்குறித் தொடர்களில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறியீடும் பைத்தானில் உயிர்க்குறிகளை விட்டுவிடுகின்றது என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம்.

தட்டச்சு முறையை மாற்றி மாற்றி அடிப்பது தமிழ்ப் பயனரின் தனிச்சுமை. கட்டளை ஆங்கிலத்திலும் மதிப்பு தமிழிலும் இருந்தால் ஒரே வரியில் மூன்று நான்கு முறை விசைப்பலகையை மாற்ற நேரும். ஆர்க்பார்சில் ஒரு தெரிவுக்குப் பல பெயர்கள் கொடுக்கலாம். '--ஊர்' என்பதுடன் அதன் இலத்தீன எழுத்து வடிவையும் கொடுத்தால் பயனர் தமக்கு எளிதானதைக் கொள்வார். துணைக்கட்டளைகளுக்கு ஏவல் வினைகள் பொருத்தமானவை: சேர், தேடு, திருத்து, நீக்கு. இவை குறுகியவை, ஆங்கிலக் கட்டளைச் சொற்களைவிடத் தெளிவும் உடையவை.

உதவிக்குறிப்பும் முனையத் திரையும்

'--உதவி' என்று கேட்டால் தெரிவுகளின் பட்டியலைத் தருவது வழக்கம். ஆர்க்பார்ஸ் தானாகச் சேர்க்கும் உதவித் தெரிவு ஆங்கிலப் பெயருடையது. தமிழ்ப் பெயரைத் தனியே சேர்க்க வேண்டும். அதன் பிழைச்செய்திகள் கெட்டெக்ஸ்ட் வழியாகச் செல்வதால் அவற்றையும் மொழிபெயர்க்கலாம்.

இப்பட்டியலில் தெரிவுகள் ஒரு பத்தியிலும் விளக்கங்கள் அடுத்த பத்தியிலும் நிற்க வேண்டும். ஆர்க்பார்ஸ் இடைவெளிகளைக் குறியெண் கணக்கில் இடுகின்றது. முனையமோ சில குறியெண்களுக்கு இடமே ஒதுக்குவதில்லை. மெய்ப்புள்ளியும் ஈகாரக் குறியும் இடமற்றவை என்று ஒருங்குறி வகைப்படுத்துகின்றது. பிற உயிர்க்குறிகள் இடமுள்ளவை. இதனால் புள்ளியெழுத்து மிகுந்த சொற்கள் உள்ள வரிகளில் இரண்டாம் பத்தி உள்வாங்கிவிடும். இடமுள்ள குறிகளையும் வெவ்வேறு முனையங்கள் வெவ்வேறாக வரைகின்றன. ஆகவே விளக்கத்தை அடுத்த வரியில் உள்தள்ளித் தொடங்குமாறு அமைத்தால், எந்த முனையத்திலும் பட்டியல் குலையாது.

குறியேற்றமும் இயக்குதளமும்

லினக்சில் அளவுருக்கள் பைட்டுகளாக வருகின்றன. அவற்றை எவ்வாறு படிப்பது என்பது வட்டார அமைப்பைப் பொறுத்தது. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் தனித்தனித் தமிழ் வட்டார அமைப்புகள் உள்ளன. இவற்றுள் எதுவாயினும் யூடிஎஃப்-8 குறியேற்றத்துடன் அமைத்தல் வேண்டும். வட்டாரம் எதுவும் அமைக்காத வழங்கிகளில் பைத்தானின் பழைய பதிப்புகள் தமிழ் அளவுருக்களை அச்சிட முயன்று பிழையில் நின்றன. 2018 இல் வந்த 3.7 பதிப்பு இத்தகைய சூழலில் தானாகவே யூடிஎஃப்-8 ஐ மேற்கொள்கின்றது.

விண்டோசின் இயல்பிருப்புக் குறிப்பக்கங்களில் தமிழுக்கென ஒன்று இருந்ததில்லை. சி மொழியின் பழைய முறையில் அளவுருக்களை வாங்கும் நிரலுக்குத் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே வந்து சேரும். அகல எழுத்து வடிவில் வாங்குவதே நெடுங்கால வழி. 2019 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பிலிருந்து ஒரு நிரல் தனக்கு யூடிஎஃப்-8 வேண்டும் என்று தன் விவரக் கோப்பில் அறிவித்துக்கொள்ளலாம்.

சிறுகோட்டைப் பற்றியும் ஒரு குறிப்பு. சொற்செயலிகளும் சில கைபேசி விசைப்பலகைகளும் அடுத்தடுத்து இட்ட இரண்டு சிறுகோடுகளை ஒரு நீண்ட கோடாக மாற்றிவிடுகின்றன. அங்கிருந்து நகலெடுத்து முனையத்தில் ஒட்டிய வரியில் தெரிவே இராது. '—ஊர்' என்பது ஓர் இடஞ்சார் அளவுருவாகிவிடும். கருவி அளவுருவின் முதற்குறியைச் சோதித்து, நீண்ட கோடாக இருந்தால் அதனைச் சுட்டிக்காட்டலாம். தானே திருத்திக்கொண்டு மேலே செல்லுதல், நீக்கு போன்ற கட்டளைகளில் கூடாது.